பேய்ப்பட ட்ரெய்லர் எடுக்கிறீர்களா? முதலில் சத்தத்தைச் சேருங்கள்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்கள் எடுக்கும் பேய்ப்பட ட்ரெய்லர் பலவற்றில் மேக்கப் நன்றாக இருக்கும், லொகேஷனும் பரவாயில்லை, ஆனால் பயம் வராது. எல்லாவற்றையும் எடுத்து, எடிட் பண்ணி முடித்துவிட்டு, கடைசி ராத்திரியில் ஏதோ ஒரு பின்னணி இசையை இறக்கி ஒட்டுவதுதான் காரணம். இதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். படமே இல்லாமல் 60 விநாடிக்குச் சத்தத்தை மட்டும் அடுக்குங்கள், அதைக் கேட்டு எங்கே உடம்பு சிலிர்க்கிறதோ அந்த இடங்களுக்கு மட்டும் ஷாட் யோசியுங்கள்.

சத்தத்துக்குக் காசு வேண்டாம். ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தெரு அடங்கிய பிறகு போனிலேயே பதிவு பண்ணலாம். கிணற்று உருளையின் கிரீச், ஊஞ்சல் சங்கிலி, மரக்கதவின் தாழ்ப்பாள். எலும்பு முறியும் சத்தத்துக்கு முருங்கைக்காயை ஈரத்துணியில் சுற்றி மைக் பக்கத்தில் முறித்தால் போதும். தம்புரா ஆப்பின் சுருதியையோ உங்கள் தோழி முணுமுணுக்கும் தாலாட்டையோ பதிவு செய்து வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், குரல் மனிதக் குரல் மாதிரியே இருக்காது. அப்புறம் வெறும் அறையின் அமைதியையும் ஒரு நிமிடம் எடுத்து வையுங்கள். திடுக்கிட வைக்கும் இடத்துக்கு முன்னால் இசையை நிறுத்தி இந்த அமைதியை இரண்டு விநாடி விடுங்கள், பார்ப்பவர் தானாகவே மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

சரி, இப்போது படம். போனில் எடுப்பதென்றால் மேனுவல் கன்ட்ரோல் உள்ள கேமரா ஆப் ஒன்று வேண்டும், ஏனென்றால் ஆட்டோவில் விட்டால் போன் இருட்டைப் பார்த்ததும் வெளிச்சத்தை ஏற்றி, காட்சி முழுக்கப் புள்ளி புள்ளியாக ஆக்கிவிடும். விநாடிக்கு 24 அல்லது 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டர் 1/60-இல் இருந்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை ஏற்றிக்காட்டும் அளவை, முடிந்தவரை குறைத்து, ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள்.

இரவுக் காட்சி என்பதற்காக நள்ளிரவில் போய் நிற்க வேண்டியதில்லை. சூரியன் மறைந்த பிறகு சுமார் 20 நிமிடம் ஒரு நீல வெளிச்சம் இருக்கும், வெளிப்புற ஷாட்களை ஒத்திகை பார்த்துத் தயாராக வைத்து அதற்குள் முடித்துவிடுங்கள். உள்ளே ஒரே ஒரு விளக்கு போதும், எமர்ஜென்சி லைட்டின் மேல் பட்டர் பேப்பர் ஒட்டி, முகத்துக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில், தூரமாக வையுங்கள். இருட்டு என்பது முழுக் கறுப்பு இல்லை, கதவின் விளிம்பாவது தெரிந்தால்தான் அதற்கு அப்பால் ஏதோ இருக்கிறது என்று தோன்றும்.

பேயைக் காட்டாதீர்கள். வெள்ளைப் புடவை, விரித்த தலைமுடி எல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது, யாரும் பயப்படுவதில்லை. சிவப்புத் தரையில் ஈரக் கால்தடம் நடந்து வந்து சுவரோரம் நின்றுவிடுகிறது என்று எடுத்துப் பாருங்கள், அதற்கு மேல் விளக்கமே தேவைப்படாது. வெயில் காலத்தில் தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும், மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கிக் கலந்துகொள்ளுங்கள், எடுத்ததும் தரையைத் துடைத்துவிடுங்கள், வழுக்கும். ரத்தம் வேண்டுமென்றால் கெட்டியான சர்க்கரைப் பாகில் சிவப்பு ஃபுட் கலரும் கொஞ்சம் காபி டிகாஷனும் சேருங்கள். டிகாஷன் இல்லாவிட்டால் பெயின்ட் மாதிரிதான் தெரியும்.

பாழடைந்த கட்டடத்துக்குப் போவதென்றால் உரிமையாளரிடம் கேட்டு, பகலிலேயே ஒருமுறை தரை, படிக்கட்டு, பாம்பு எல்லாம் பார்த்துவிட்டுப் போங்கள். ரயில் தண்டவாளம் வேண்டவே வேண்டாம், அனுமதியும் இல்லை, உயிருக்கும் ஆபத்து. பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ராத்திரியில் அலறல் கேட்டால் நிஜமாகவே யாருக்கோ ஆபத்து என்று பதறி ஓடி வருவார்கள், அது நியாயமும்கூட.

எடிட்டில் முதல் பாதி ஷாட்களை நீளமாக விடுங்கள், பிற்பாதியில் வேகமாக வெட்டுங்கள், படத்தின் பெயர் வந்த பிறகு இன்னொரு திடுக் வைக்கும் ஆசையை அடக்குங்கள். ஹெட்போனில் கேட்டுத் திருப்தியான பிறகு போன் ஸ்பீக்கரிலும் ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அதில்தான் பார்க்கப் போகிறார்கள், தாழ்ந்த சுருதியில் உறுமும் அதிர்வுகள் அதில் காணாமலே போய்விடும், அந்த இடங்களில் மேலே ஒரு கிரீச்சையோ மூச்சுச் சத்தத்தையோ சேர்த்து வையுங்கள்.