சாமுராய் அச்சுப்படத்தில் இருப்பவர் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களில் போர்வீரர்களைக் காட்டும் வகைக்கு முஷா-எ என்று பெயர். படத்தைப் பார்த்ததும் நம் கண் நேராக முகத்துக்குத்தான் போகும், ஆனால் முறைத்த விழியும் இறுகிய வாயும் பாதிப்பேருக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால் முகத்தை இப்போதைக்கு விடுங்கள்.

முதலில் உடையிலும் கொடியிலும் குலச்சின்னத்தைத் தேடுங்கள். பட்டாம்பூச்சி என்றால் தாய்ரா குலம். ஐந்து இலைகளுக்கு மேல் மூன்று பூக்கள் என்றால் மினமோட்டோ. கொடியின் நிறமும் உதவும்: தாய்ராவுக்குச் சிவப்பு, மினமோட்டோவுக்கு வெள்ளை.

அப்புறம் கையிலும் முதுகிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரம்பம், கோடாலி, மரச்சுத்தியல் எல்லாவற்றையும் முதுகில் சுமக்கும் முரட்டுத் துறவி பெங்கெய். அவருக்கு எதிரே பாலத்தின் கைப்பிடிமேல் ஒல்லியான இளைஞன் ஒருவன் நின்றால் அது மினமோட்டோ குலத்து வீரன் யோஷிட்சுனே, இடம் கியோட்டோவின் கோஜோ பாலம். மிக உயரமான தலைக்கவசம், ஈட்டி, எதிரே புலி என்றால் 16-ஆம் நூற்றாண்டுத் தளபதி கட்டோ கியோமசா.

பெயரைக் கடைசியாகப் படியுங்கள், ஏனென்றால் அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹிதெயோஷி 16-ஆம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்டவர்; 1804-இல் அவரை வரைந்ததற்காக ஓவியர் உதமாரோவுக்கு 50 நாள் கைவிலங்கு போட்டார்கள். ஹிதெயோஷி காலத்து வீரர்களை உண்மைப் பெயரில் காட்டத் தடை வந்தது. ஓவியர்கள் விட்டுவிடவில்லை, பெயரை மட்டும் மாற்றிப் போட்டார்கள்: கட்டோ கியோமசா படத்தில் சாட்டோ மசாகியோ ஆனார், ஹிதெயோஷி மஷிபா ஹிசயோஷி ஆனார். வரலாற்றில் இல்லாத பெயர் கண்ணில் பட்டால் சின்னத்தை நம்புங்கள், பெயரை அல்ல.

காலம் தெரிய வேண்டுமா? தணிக்கை முத்திரையைப் பாருங்கள். தணிக்கையாளர் இருவரின் சிறு வட்ட முத்திரைகள் சேர்ந்து இருந்தால் 1847 முதல் 1853 வரையிலான படம்.

சரி, பழகிப் பார்க்க குனியோஷி வரைந்த தாய்மொட்சு விரிகுடா படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தாள்களை ஒட்டிவைத்த அகலம், அதில் யோஷிட்சுனேயின் கப்பல், முனையில் ஜெபமாலையோடு பெங்கெய். கொஞ்சம் தள்ளி நின்று அலைகளுக்கு மேலே உள்ள இருட்டைப் பாருங்கள். கொம்பு வைத்த தலைக்கவசங்கள் நிழலாக எழுந்து வரும். 1185-இல் டன்-னோ-உரா கடற்போரில் யோஷிட்சுனேயிடம் தோற்று மூழ்கிய தாய்ரா வீரர்களின் ஆவிகள் அவை.