துணைமாறியைச் சேர்ப்பதா, விடுவதா: மருந்தியக்க மொடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ 40 நோயாளரிடம் எடுத்த வன்கோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியின் இரத்த அளவுகளைக் கொண்டு குடித்தொகை மருந்தியக்க மொடல் (மருந்து உடலில் பரவி வெளியேறுவது ஆளுக்காள் எப்படி மாறுகிறது என்று காட்டும் கணித மொடல்) கட்டும்போது, அந்த மாற்றத்தை விளக்கக்கூடிய நிறை, வயது, பால், கிரியேற்றினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), அல்புமின் என்று துணைமாறிகள் நீண்டுகொண்டே போகும். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, இலக்குச் சார்பின் (மொடல் தரவோடு எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் எண்) பெறுமானத்தை 3.84 (0.05 மட்டத்தின் எல்லை) குறைத்ததையெல்லாம் வைத்துக்கொள்வது பெருந்தவறு. மருந்தோடு தொடர்பே இல்லாத, தமக்குள்ளும் தொடர்பற்ற 20 துணைமாறிகளை 0.05 மட்டத்தில் சோதித்தால், ஒன்றாவது தற்செயலாகத் தேற 64% வாய்ப்பு உண்டு. ஆட்கள் குறைவென்றால், தேறியதன் விளைவும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். ஆகவே தரவைத் திறக்குமுன் பட்டியலை உடற்றொழிலியல் காரணத்தோடு எழுதிவிடுங்கள். சேர்க்க 3.84 போதும், பின்னர் சேர்த்தவற்றை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிக் கழிக்கும்போது 10.83ஐ (0.001 மட்டம்) கேளுங்கள்.

நிறையைச் சோதனைக்கே விடவேண்டாம். கிளியரன்சுக்கு (உடல் மருந்தை அகற்றும் வேகம்) 0.75, பரம்பற் கனவளவுக்கு (மருந்து உடலில் எவ்வளவு பரவுகிறது என்ற அளவு) 1 என்ற அடுக்குகளோடு 70 கிலோவை ஒப்பீட்டு நிறையாக வைத்து முதலிலேயே போடுங்கள். 52 கிலோக்காரருக்குக் கிளியரன்ஸ் 80% ஆகும்.

அதிகம் கெடுவது கிரியேற்றினினில்தான். ஓர் ஆய்வுகூடம் மைக்ரோமோலில் தரும், இன்னொன்று மில்லிகிராமில் தரும். 62 வயது, 52 கிலோ ஆண், கிரியேற்றினின் 133 மைக்ரோமோல்/லீற்றர். 88.4ஆல் வகுத்தால் 1.5 மில்லிகிராம்/டெசிலீற்றர், சிறுநீரகத்தின் கிரியேற்றினின் கிளியரன்சைக் கணிக்கும் கொக்கிறொஃப்ட்-கோல்ற் சமன்பாட்டில் நிமிடத்துக்கு 37.6 மில்லிலீற்றர். வகுக்க மறந்து 133ஐ அப்படியே போட்டால் 0.42! இப்படி நாலைந்து வரிகள் கலந்தாலே சிறுநீரகத்தின் உண்மை விளைவு மங்கிவிடும். முதலில் ஒவ்வொரு வரியின் அலகையும் பாருங்கள்.

அந்தச் சமன்பாட்டுக்குள் நிறையும் வயதும் ஏற்கெனவே இருக்கின்றன. மொடலிலும் நிறை இருந்தால் அதை இருமுறை எண்ணுகிறீர்கள். 37.6ஐ 52ஆல் வகுத்து 70ஆல் பெருக்கி, 50.6 என்று 70 கிலோவுக்கு மாற்றிப் பயன்படுத்துங்கள். வயதைத் தனியாகச் சேர்க்கவேண்டாம்.

தனிநபர் மதிப்பீடுகளைத் துணைமாறிக்கு எதிரே வரைந்து முடிவெடுப்போரும் உண்டு. சுருக்கம் (தனிநபர் மதிப்பீடுகள் சராசரியை நோக்கி இழுபடும் அளவு) 30%ஐத் தாண்டினால் அந்த வரைபை நம்பாதீர்கள். இல்லாத தொடர்பையும் காட்டும், இருப்பதையும் மறைக்கும்.

தேறாத துணைமாறிக்கு "விளைவில்லை" என்று எழுதுவது இங்கே ஆபத்தானது. அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டிய போன்ற இடங்களில் காரணம் தெளிவற்ற நாட்பட்ட சிறுநீரக நோயாளர் இருக்கிறார்கள். சேகரித்த அனைவரின் சிறுநீரகமும் நன்றாக இயங்கியிருந்தால், அந்தத் தரவால் இவர்களைப் பற்றி எதுவும் சொல்லமுடியாது. விகிதமாகச் சொன்ன விளைவின் (1 என்றால் விளைவில்லை) நம்பிக்கை இடைவெளி 0.8க்கும் 1.25க்கும் இடையில் அடங்கினால் மட்டும் புறக்கணியுங்கள். 0.6இலிருந்து 1.4வரை விரிந்திருந்தால் "தீர்மானிக்க முடியவில்லை" என்று எழுதி, சிறுநீரகம் குன்றியவர்களையும் சேர்த்துத் தரவு எடுங்கள்.