பீப் சைட் வாங்கும்போது முன் ரிங்கைக் கவனியுங்கள்

டெல்லியில் பிள்ளையை ரைபிள் சுடுதலில் சேர்த்திருக்கும் நம் பெற்றோர் பீப் சைட் (பின்னால் உள்ள சிறு துளை வழியாகப் பார்த்து, குழல் முனையிலுள்ள ரிங்குக்குள் இலக்கைக் கொண்டுவந்து குறிபார்க்கும் அமைப்பு) பற்றி இணையத்தில் தேடினால், முதலில் வந்து நிற்பது வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் எழுதியதுதான். அதை வைத்து எதையும் வாங்கிவிடாதீர்கள். அவர்கள் பின் துளையைப் பெரிதாக வைப்பார்கள், ஏனென்றால் அந்திநேர வெளிச்சத்தில் நகரும் விலங்கைச் சட்டென்று குறிபார்க்க வேண்டும். துப்பாக்கி உதைக்கும் என்பதால் கண்ணையும் தள்ளித்தான் வைக்க வேண்டும். இங்கே 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடும் பிள்ளைக்குத் தேவை முற்றிலும் வேறு.

பின்னால், துளையின் அளவைத் திருகி மாற்றக்கூடிய ஐரிஸ் வாங்குங்கள். 1.1 முதல் 1.3 மி.மீ. வரை வைத்துத் தொடங்கலாம். துளை சிறிதானால் முன் ரிங்கும் இலக்கின் கருப்பு வட்டமும் தெளியும், ஆனால் மிகச் சிறிதாக்கினால் எல்லாம் இருண்டு மங்கிவிடும். வெட்டவெளியில் 50 மீட்டர் சுடும்போது, குளிர்காலப் புகைமூட்டத்தில் வெளிச்சம் குறைந்தால் கொஞ்சம் திறந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

முன் ரிங்கில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். சின்ன ரிங் போட்டால் குறி துல்லியமாகும் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் கணக்கைப் பாருங்கள்: 10 மீட்டர் இலக்கின் கருப்பு வட்டம் 30.5 மி.மீ., கண்ணிலிருந்து முன் ரிங் ஏறக்குறைய 90 செ.மீ. என்றால் அந்த வட்டம் ரிங் இருக்கும் இடத்தில் சுமார் 2.7 மி.மீ. அளவே தெரியும். 3 மி.மீ. ரிங் போட்டால் சுற்றிலும் வெள்ளை இழை மாதிரி நிற்கும். கை லேசாக ஆடினாலே அது ஒரு பக்கம் மறைந்துபோகும், பிள்ளை பயந்துபோய் ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கும். 4 மி.மீ. அளவில் தொடங்குங்கள். சுற்றிலும் வெள்ளை வளையம் சமமாக, நிம்மதியாகத் தெரிய வேண்டும். புதிதாகச் சுடும் பிள்ளைக்கு இன்னும் பெரிய ரிங் போட்டாலும் தப்பில்லை, பிடி நிலைத்த பிறகு கோச்சோடு பேசிக் குறைத்துக்கொள்ளலாம். கண் ரிங்கில் நிலைக்கட்டும், கருப்பு லேசாக மங்கினால் பரவாயில்லை.

வாங்குமுன் ரிங்கைப் பிடித்திருக்கும் முன் குழல் எம்18 அளவா எம்22 அளவா என்று பாருங்கள், மாற்றிப் போட்டால் ரிங் பொருந்தாது. பின் சைட் ரைபிளின் மேலுள்ள 11 மி.மீ. பொருத்துத் தண்டில் ஆட்டமில்லாமல் இறுக வேண்டும்.

அப்புறம், பழைய சைட் கிடைத்தால் இந்தச் சோதனை செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்: ரைபிளைத் தாங்கியில் வைத்து ஐந்து பெல்லட் சுடுங்கள், சைட்டின் திருகைப் பத்து கிளிக் வலப்பக்கம் திருப்பி, திரும்பப் பத்து கிளிக் இடப்பக்கம் கொண்டுவந்து மறுபடி ஐந்து. இரண்டும் ஒரே இடத்தில் விழவில்லையென்றால் உள்ளே திருகு தேய்ந்திருக்கிறது. பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டு வெறும் 0.5 மி.மீ. என்பதால் அந்தச் சைட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.