சாளையில் புரண்ட நாய்: குளிப்பாட்டும்போது செய்யும் தவறுகள்

குமரி மாவட்டக் கடற்கரையில் முட்டம், கடியப்பட்டணம் பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. கரைமடி (கரையில் நின்று இழுக்கும் வலை) இழுத்த மறுநாள், கழித்துப் போட்ட சாளை, அதாவது மத்தி மீன், மணலில் அழுகிக் கிடக்கும். கயிற்றை அவிழ்த்த இரண்டே நிமிடத்தில் நாய் அதில் கழுத்தைத் தேய்த்து, முதுகு வரை புரண்டு, வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

உடனே குழாயடிக்கு இழுத்துப் போகாதீர்கள். முதலில் வாயைப் பாருங்கள். புரண்ட நாய் தின்றும் இருக்கலாம். கழிவில் பேத்தை மீன் கிடப்பதுண்டு. வெந்தாலும் காய்ந்தாலும் அதன் விஷம் போகாது. வாந்தி, தள்ளாட்டம், மூச்சுத் திணறல் என்று எது தெரிந்தாலும் குளியலை விட்டுவிட்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். வாயில் தங்கூசி (தூண்டில் நரம்பு) தொங்கினால் இழுக்கவே கூடாது. மறுமுனையில் தூண்டில் முள் தொண்டையில் மாட்டியிருக்கலாம்.

சரி, நாய் நன்றாக இருக்கிறது என்றால் அப்புறம் குளியல். எடுத்தவுடன் தண்ணீர் ஊற்றுவது அடுத்த தவறு. சாளையில் நெய், அதாவது கொழுப்பு, அதிகம். நான் ஒருமுறை வாளியோடு ஊற்றி, கழுத்தில் மட்டும் இருந்த நாற்றத்தை வயிறு வரை இறக்கிவிட்டேன். பழைய துணியால் வழித்தெடுங்கள். காதுக்குப் பின்னால் ஒட்டிய செதிலை விரலால் எடுங்கள். பிறகு நாய்க்கான ஷாம்பூ போட்டு, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, இரண்டு முறை அலசுங்கள்.

பினாயில், கிருமிநாசினி வேண்டவே வேண்டாம். தோல் எரியும், நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும்.

இணையத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு, சமையல் சோடா கலவை ஒன்று சொல்வார்கள். அது அமெரிக்கக் கண்டத்தில் வாழும் ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்துக்கானது. அந்த நாற்றம் கந்தகச் சேர்மங்களால் வருவது. பெராக்சைடு அவற்றை மாற்றிவிடும். மீன் நாற்றத்துக்குக் காரணம் அமின்கள். அவை காரத்தன்மை உள்ளவை, புளிப்புக்குத்தான் அடங்கும். மீன் கழுவிய கையில் நம் வீடுகளில் புளி தேய்ப்பது இதனால்தான். ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, கண்ணிலும் புண்ணிலும் படாமல் தடவி, இரண்டு நிமிடத்தில் அலசிவிடுங்கள். எலுமிச்சைச் சாறு நாயின் தோலுக்கு ஆகாது.

ஆடிச் சாரலில் ஈரத்தோடு விட்டால் தோல் புண்ணாகும். அடிமயிர் வரை துவட்டுங்கள். அப்புறம் கழுத்துப்பட்டை. பாதிப் பேர் அதை மறந்துவிடுகிறோம். கழற்றித் தனியே ஊறவைத்து, வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே திரும்பக் கட்டுங்கள்.