கருப்பொருளுடன் வரும் கிரிப்டிக் குறுக்கெழுத்துகளை எங்கிருந்து தொடங்குவது?

தி ஹிந்துவில் வரும் கிரிப்டிக்கைப் பாதியாவது போட்டுவிடுகிறீர்களா? அப்படியானால் அடுத்த படிக்கு நீங்கள் தயார். ஒரு குறிப்பில் ஒரு முனை நேர்ப்பொருள், மிச்சம் எழுத்து விளையாட்டு என்பது தெரிந்திருந்தால் போதும். "மகா வேரில் மறைந்தோடும் நதி (3)" என்றால், 'மகா வேரில்' என்பதற்குள்ளேயே மறைந்திருக்கும் மூன்றெழுத்து நதி காவேரி, அவ்வளவுதான்.

முழுப் புதிரையும் ஒரே கருத்தால் கட்டிப்போடும் கருப்பொருள் புதிர் இதோடு விடாது. கண்டுபிடித்த பதிலை அப்படியே கட்டத்தில் எழுத முடியாது, ஓர் எழுத்தை உதிர்க்கச் சொல்லும். இல்லையென்றால் சில குறிப்புகளில் ஓர் எழுத்து வேண்டுமென்றே தப்பாக அச்சாகியிருக்கும், அவற்றின் சரியான எழுத்துகளை வரிசையாகக் கோத்தால் ஒரு செய்தி வரும், அந்தச் செய்தி நிரப்பிய கட்டத்தில் எதை மாற்றுவது என்று சொல்லும். அதனால் புதிருக்கு மேலே அச்சாகியிருக்கும் முன்னுரையை முதலில் இரண்டு முறை நிதானமாகப் படியுங்கள். பதில்களை உடனே கட்டத்தில் போடாமல் ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். செய்தி பாதி தெரிந்ததும் மீதியை ஊகித்து, அந்த எழுத்துகளை வைத்தே தீராத குறிப்புகளைப் பின்னாலிருந்து உடைக்கலாம். எனக்கு இந்த விளையாட்டிலேயே மிகப் பிடித்த தருணம் அதுதான். சேம்பர்ஸ் ஆங்கில அகராதி பக்கத்திலேயே இருக்கட்டும்.

அப்புறம், புதிரைவிட அதை அமைப்பவரைப் பழகிக்கொள்ளுங்கள். லண்டனின் அப்ஸர்வர் ஞாயிறு இதழில் டார்க்கிமாடா, 1939-லிருந்து ஸிமனீஸ், 1972-லிருந்து ஏஸெட் என ஒரு பரம்பரையே உண்டு, மூவரும் ஸ்பானிய மதவிசாரணை அதிகாரிகளிடமிருந்து புனைபெயர் எடுத்தவர்கள். ஸிமனீஸ் கறார், குறிப்பில் வேலையில்லாத ஒரு சொல்கூட இருக்கக்கூடாது என்பார், அந்த விதிகளை 1966-ல் புத்தகமாகவே எழுதினார். பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் எழுதிய அரவுக்காரியா நேரெதிர், விதியைக் கொஞ்சம் தளர்த்தினாலும் நம்மைச் சிரிக்கவைத்துவிடுவார். 2013 ஜனவரியில் தனக்குப் புற்றுநோய் என்பதை வாசகர்களுக்கு ஒரு புதிர் வழியாகவே தெரிவித்தார், அதே ஆண்டு நவம்பரில் இறந்தார். ஒரு மனிதர் தன் வாசகர்களை எவ்வளவு நெருக்கமாக நினைத்திருந்தால் அப்படிச் செய்வார்!

அமெரிக்காவில் கிரிப்டிக் வகையை நியூயார்க் பத்திரிகையில் 1968-ல் பரப்பியவர் இசைநாடகக்காரர் ஸ்டீபன் சோன்ட்ஹைம். அவருக்குப் பின் வந்த ரிச்சர்ட் மால்ட்பியும் மேடைக்காரர்தான். எமிலி காக்ஸ், ஹென்றி ராத்வோன் ஜோடி 1977-லிருந்து அட்லாண்டிக் பத்திரிகையில் போட்ட புதிர்கள் புதியவர்களுக்கு ஏற்றவை.

கருப்பொருள் புதிர்களில் மிகக் கடினமானதாகச் சொல்லப்படும் லிஸனர் புதிரில் (1930-ல் தொடங்கியது, 1991-லிருந்து லண்டன் டைம்ஸில் வருகிறது) எடுத்தவுடன் குதிக்க வேண்டாம். முதலில் அரவுக்காரியாவின் அகரவரிசைப் புதிர்களை எடுங்கள்: குறிப்புகளுக்கு எண் கிடையாது, ஒவ்வொரு பதிலும் ஒவ்வோர் ஆங்கில எழுத்தில் தொடங்கும், எது எங்கே பொருந்தும் என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். கார்டியன் இணையதளத்தில் பழையவை கிடைக்கும். ஒன்று தீராவிட்டால் விடையைப் பார்த்து, ஒவ்வொரு குறிப்பும் எப்படிப் பிரிகிறது என்று எழுதிப் பாருங்கள், பிறகு அவருடையதையே இன்னொன்று எடுங்கள்.