ஓவர்கிளாக் செய்யும் கணினிக்கு மதர்போர்டும் கூலரும்: தொடக்க நிலையினருக்கான செய்முறை விளக்கம்

புதிதாகக் கணினியை அசெம்பிள் செய்பவர்கள் பிராசசரை முடிவு செய்துவிட்டு, மதர்போர்டை ஒரு நாளும் கூலரை வேறொரு நாளும் தனித்தனியாகத் தேடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிராசசரை அதன் இயல்பான வேகத்திலேயே ஓட்டப்போகிறீர்கள் என்றால் அதில் பெரிய தவறில்லை. ஓவர்கிளாக் செய்யும், அதாவது அந்த இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டும் எண்ணம் இருந்தால், இரண்டையும் ஒரே எண்ணை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுச் சுமையில் பிராசசர் எத்தனை வாட் இழுக்கும் என்பதே அந்த எண். மதர்போர்டு அத்தனை வாட்டையும் சீராக ஊட்ட வேண்டும்; கூலர் அத்தனையையும் வெப்பமாக வெளியேற்ற வேண்டும். இரண்டில் ஒன்று சளைத்தாலும் மற்றதற்குச் செலவழித்த பணம் வீண்தான்.

படி 1: வேகத்தை உயர்த்த வழி இருக்கிறதா?

இன்டெல் பிராசசர்களில், பெயரின் முடிவில் கே, கேஎஃப், கேஎஸ் என்ற எழுத்துகள் உள்ளவற்றின் பெருக்கி எண்ணைத்தான் (அடிப்படைக் கடிகார வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) நாம் மாற்ற முடியும். அதற்கும் இசட்690, இசட்790, இசட்890 போன்ற இசட் வரிசைச் சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சில்லு) உள்ள மதர்போர்டு வேண்டும். பி660, பி760 போர்டுகளில் மெமரியின் வேகத்தை உயர்த்தலாமே தவிர, பிராசசரின் பெருக்கியைத் தொட முடியாது. ஏஎம்டியில் கட்டுப்பாடு குறைவு. ரைசன் பிராசசர்களில் பெரும்பாலானவை பெருக்கி பூட்டப்படாதவையே; எக்ஸ் வரிசைப் போர்டுகளும் பி வரிசையில் பெரும்பாலானவையும் ஓவர்கிளாக்கை அனுமதிக்கின்றன. ஏ520, ஏ620, பி840 ஆகியவற்றில் அந்த வசதி இல்லை. 5800எக்ஸ்3டி போலப் பெருக்கி பூட்டப்பட்ட விதிவிலக்குகளும் உண்டு என்பதால், வாங்கும் முன் உங்கள் மாடலின் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

படி 2: வாட் கணக்கு

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை நம்பிக் கூலர் வாங்குவதுதான் தொடக்க நிலையினர் செய்யும் முதல் பிழை. கோர் ஐ9-14900கே பிராசசரின் அடிப்படை மின்திறன் 125 வாட். அதன் உச்ச டர்போ (சுமை கூடும்போது தானாக வேகத்தைக் கூட்டும் நிலை) மின்திறனோ 253 வாட். ரைசன் 9 7950எக்ஸ் 170 வாட் எனக் குறிக்கப்பட்டாலும், சாக்கெட் (போர்டில் பிராசசர் அமரும் இடம்) வழியாக 230 வாட் வரை இழுக்க அனுமதி பெற்றது. இவை ஓவர்கிளாக் செய்வதற்கு முந்தைய அளவுகள் என்பதைக் கவனியுங்கள்.

ஓவர்கிளாக் செய்யும்போது இந்த எண் ஏன் இவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதற்கு ஒரு சிறு சூத்திரம் போதும். மின்நுகர்வு வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. 150 வாட் இழுக்கும் பிராசசரின் வேகத்தை 8 சதவீதம் உயர்த்துகிறீர்கள், அது தடுமாறாமல் இருக்க மின்னழுத்தத்தையும் 8 சதவீதம் கூட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1.08-ஐ மூன்று முறை பெருக்கினால் ஏறத்தாழ 1.26, அதாவது 150 வாட் 189 வாட்டாகிறது. எட்டு சதவீத வேகத்துக்கு இருபத்தாறு சதவீத வெப்பம். இந்தப் பேரம் உங்களுக்குக் கட்டுபடியாகுமா என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 3: மதர்போர்டில் விஆர்எம்மைப் பாருங்கள்

பவர் சப்ளையிலிருந்து வருவது 12 வோல்ட். பிராசசர் கேட்பது ஏறத்தாழ 1.25 வோல்ட். இந்த மாற்றத்தைச் செய்வது, பிராசசர் சாக்கெட்டின் இடப்புறமும் மேற்புறமும் வரிசையாக நிற்கும் விஆர்எம் என்ற பகுதி. மின்னழுத்தம் குறையும்போது மின்னோட்டம் பெருகுகிறது: 200 வாட்டை 1.25 வோல்ட்டால் வகுத்தால் 160 ஆம்பியர். இந்த 160 ஆம்பியரை விஆர்எம்மின் ஃபேஸ்கள் என்ற இணையான மின்வழிகள் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. பத்து ஃபேஸ்கள் இருந்தால் தலைக்கு 16 ஆம்பியர்; ஐந்தே இருந்தால் 32. பங்கு கூடக்கூட ஒவ்வொன்றும் சூடாகும்; சூடு வரம்பைத் தாண்டினால், பிராசசர் குளிர்ச்சியாக இருந்தாலும் போர்டே வேகத்தைக் குறைத்துவிடும்.

ஃபேஸ் எண்ணிக்கையை மட்டும் வைத்து மயங்கிவிட வேண்டாம். ஒரே கட்டுப்பாட்டு சமிக்ஞையை இரண்டாகப் பிரித்து, எட்டைப் பதினாறு எனக் காட்டும் போர்டுகளும் உண்டு. ஒவ்வொரு பவர் ஸ்டேஜும் (ஃபேஸில் மின்னோட்டத்தைத் தாங்கும் சில்லு) எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று போட்டிருக்கிறதா, அவற்றின் மேல் அமர்ந்திருக்கும் ஹீட்சிங்க் (வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் பகுதி) கனமான உலோகமா என்ற இரண்டு கேள்விகள் அதைவிட முக்கியமானவை. நான் முன்பு வாங்கிய ஒரு போர்டில் விஆர்எம்மின் மேல் மினுமினுப்பான கவசம் இருந்தது. அரை மணி நேரச் சுமைக்குப் பிறகு வேகம் தானாக இறங்குவதைக் கண்டு திருகுகளைக் கழற்றிப் பார்த்தால், கவசம் முழுவதும் பிளாஸ்டிக். அதன் அடியில் விரலளவு அலுமினியத் துண்டு ஒன்றுதான் இருந்தது. அன்றிலிருந்து வண்ண விளக்குகளைப் பார்ப்பதற்கு முன் ஹீட்சிங்கில் பள்ளங்களும் தகடுகளும் உள்ளனவா என்று பார்க்கிறேன்.

இன்னும் ஒரு வசதியை விட்டுவிடாதீர்கள். ஓவர்கிளாக் செய்பவருக்குத் திரை வராமல் போவது நிச்சயம் நிகழும். பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளை அழிக்கும் பொத்தான் போர்டின் பின்பக்கத்தில் இருந்தால் ஒரு விரலால் மீளலாம். இல்லையென்றால், கேபினெட்டைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் இரண்டு சிறு முட்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

படி 4: கூலர்

என் கணக்கு இது: 150 வாட் வரை 120 மி.மீ. விசிறி கொண்ட ஒற்றை டவர் கூலர் (தகடுகள் கோபுரம்போல் நிற்கும் காற்றுக் கூலர்), 200 வாட்டை ஒட்டி இரட்டை டவர், அதற்கு மேல் 360 மி.மீ. ரேடியேட்டர் (நீரின் வெப்பத்தை வெளியேற்றும் பகுதி) கொண்ட நீர்க் கூலர். 240 மி.மீ. நீர்க் கூலருக்கும் நல்ல இரட்டை டவருக்கும் பெரிய வித்தியாசம் கிடைப்பதில்லை. பம்ப் பழுதாகும் கவலை இல்லாத டவரையே நான் எடுப்பேன்.

டவர் கூலருக்குச் சாதகமான இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. அதன் விசிறி தள்ளும் காற்று போகிற போக்கில் விஆர்எம் ஹீட்சிங்கையும் தடவிச் செல்கிறது. நீர்க் கூலரில் விசிறிகள் ரேடியேட்டரோடு வேறிடத்துக்குப் போய்விடுவதால், சாக்கெட்டைச் சுற்றிக் காற்று அசையாமல் நிற்கும். ஆகவே நீர்க் கூலர் வாங்குபவர் மதர்போர்டின் ஹீட்சிங்கில் ஒரு படி மேலே போக வேண்டும், அல்லது கேபினெட்டின் பின்பக்க விசிறியை அவசியம் பொருத்த வேண்டும். நீர்க் கூலரில் பம்ப் உள்ள தலைப்பகுதி, நீர் ஓடும் சுற்றின் மிக உயரமான இடமாக அமையக் கூடாது. குழாய்க்குள் இருக்கும் காற்று மேலே சேரும் என்பதால், அது பம்பில் சிக்காமல் ரேடியேட்டரின் மேல்முனையில் தங்குவதே நல்லது.

பிறகு அளவுகள். பெரிய இரட்டை டவர்கள் 160 முதல் 170 மி.மீ. வரை உயரம் உள்ளவை. கேபினெட் எவ்வளவு உயரத்தை ஏற்கும் என்பதையும், முன்விசிறிக்குக் கீழே மெமரிக் குச்சிகள் அடங்குமா என்பதையும் பாருங்கள். சாக்கெட்டையும் மறக்காதீர்கள். 2021-இல் வந்த இன்டெல் சாக்கெட்டான எல்ஜிஏ1700-இல் திருகுத் துளைகளின் இடைவெளி 75 மி.மீட்டரிலிருந்து 78 மி.மீட்டராக மாறியதால், பழைய கூலர்களுக்குப் புதிய பொருத்துசட்டம் தேவை. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கான கூலர்களில் பல அடுத்து வந்த ஏஎம்5-இலும் பொருந்தும். போர்டின் பின்தகட்டைக் கழற்றித் தன் தகட்டைப் போடச் சொல்லும் கூலர் மட்டும் ஏஎம்5-இல் பொருந்தாது.

படி 5: பொருத்துதல்

கூலரின் அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், அனுபவசாலிகளும் இதை மறந்திருக்கிறார்கள். பிராசசரின் மேல் பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்தும் பசை) போதும். திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள்.

படி 6: சோதித்து உயர்த்துதல்

முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களில் மின்னழுத்தம் அளவுக்கு மீறிப் போனதால் ஏற்பட்ட சிக்கலுக்கு, 2024-இல் திருத்தம் பயாஸ் வழியாகவே வந்தது. அடுத்து, எதையும் மாற்றாமல் சினிபெஞ்ச் என்ற சுமைச் சோதனை மென்பொருளை அரை மணி நேரம் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பிராசசர் வெப்பநிலையையும் விஆர்எம் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெருக்கியை ஒவ்வொன்றாக, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் வீதம் உயர்த்தி, ஒவ்வொரு முறையும் அதே சோதனையைச் செய்யுங்கள். மேலே சொன்ன 14900கே 100 டிகிரி செல்சியஸிலும், 7950எக்ஸ் 95 டிகிரியிலும் தம்மைத் தாமே மட்டுப்படுத்திக்கொள்ளும்.

வேகம் இறங்கும்போது அந்த இரண்டு வெப்பநிலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிராசசர் தன் வரம்பைத் தொட்டு நிற்க, விஆர்எம் 70 டிகிரியில் நிதானமாக இருந்தால் குறை கூலரிலோ அதைப் பொருத்திய விதத்திலோ இருக்கிறது; கழற்றி, பேஸ்ட் எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள். பிராசசர் 80 டிகிரியில் இருக்க, விஆர்எம் 110-ஐத் தாண்டினால் எவ்வளவு பெரிய கூலரை மாட்டினாலும் பயனில்லை. விஆர்எம் பக்கம் ஒரு சிறு விசிறியைத் திருப்பி வையுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் பெருக்கியை ஒரு படி இறக்குங்கள்.