குளோரினை ஃபுளூரின் ஜெயிப்பது எப்படி? ஒரு சின்ன ஆற்றல் கணக்கு

பிளஸ் டூ ஹாலஜன் பாடத்தில் பாதிப் பேர் குழம்பி நிற்கும் இடம் ஒன்று உண்டு. எலக்ட்ரான் நாட்டம், அதாவது தனி அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல், குளோரினுக்குத்தான் அதிகம், மோலுக்கு 349 கிலோஜூல். ஃபுளூரினுக்கு 328தான். ஆனால் எலக்ட்ரானைப் பிடுங்குவதில் ஃபுளூரின்தான் முதலிடம் என்று அடுத்த பக்கத்திலேயே போட்டிருக்கும். இரண்டுமே சரிதான். எப்படி என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

ஒரு தாளில் ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் என்று வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். அஸ்டட்டின் கதிரியக்கத் தனிமம், அதை விட்டுவிடலாம். நான்குக்கும் வெளிக்கூட்டில் 7 எலக்ட்ரான், இன்னும் ஒன்று வந்தால் எட்டு நிறையும். ஹாலஜன்களின் அத்தனை ஆட்டமும் அந்த ஒன்றுக்காகத்தான்.

முதல் படி, செலவு. ஹாலஜன்கள் இரண்டிரண்டு அணுவாகச் சேர்ந்தே இருப்பதால் ஒரு தனி அணு வேண்டுமென்றால் பிணைப்பை உடைக்க வேண்டும். குளோரினில் இதற்கு அணுவுக்குப் பாதி என்ற கணக்கில் 121 ஆகும், ஃபுளூரினில் வெறும் 79. ஃபுளூரின் அணு ரொம்பச் சின்னது, இரண்டு அணுக்களும் நெருங்கி நிற்கும்போது ஒவ்வொன்றிலும் உள்ள மூன்று தனி இரட்டைகள் (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடிகள்) ஒன்றையொன்று தள்ளுகின்றன, அதனால் பிணைப்பு அங்கே பலவீனம். புரோமின் திரவம், அயோடின் திண்மம் என்பதால் அவற்றை ஆவியாக்கும் செலவையும் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 112, 107. இதைச் சேர்க்க மறந்தால் விடை தப்பிவிடும்.

இரண்டாம் படி, வரவு. எலக்ட்ரான் நாட்டம் 328, 349, 325, 295. இதோடு நிறுத்திவிட்டுத்தான் பலரும் குளோரின் பெரிது என்கிறார்கள்.

மூன்றாம் படிதான் முக்கியம். உருவான அயனியை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போதும் ஆற்றல் வெளிவரும், அயனி எவ்வளவு சிறிதோ அவ்வளவு அதிகம்: 515, 381, 347, 305.

சரி, இப்போது செலவிலிருந்து வரவைக் கழியுங்கள். ஃபுளூரினுக்கு 79 − 328 − 515, அதாவது −764. குளோரினுக்கு −609, புரோமினுக்கு −560, அயோடினுக்கு −493. எலக்ட்ரான் நாட்டத்தில் விட்ட 21ஐ ஃபுளூரின் மற்ற இரண்டு படியிலும் பல மடங்காக வசூலித்துவிட்டது. கரைசலில் எலக்ட்ரானை ஏற்கும் வலிமையை வோல்ட்டில் சொல்லும் திட்ட ஒடுக்க மின்னழுத்தமும் (2.87, 1.36, 1.09, 0.54 வோல்ட்) இதே வரிசையில்தான் இறங்குகிறது. ஃபுளூரைடிலிருந்து ஃபுளூரினைப் பிரிக்க 1886இல் பிரெஞ்சு வேதியியலாளர் முவாசான் மின்சாரத்தைப் பிடித்ததும், ஃபுளூரின் பிடித்த எலக்ட்ரானை மற்ற ஹாலஜன்களால் பிடுங்க முடியாது என்பதால்தான்.

இந்த வரிசை எதற்கு உதவும்? தூத்துக்குடி, ஆறுமுகநேரி பக்கம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 65 மில்லிகிராம்தான் புரோமைடு. ஆனால் உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் அது செறிந்து நிற்கும். அப்படிப்பட்ட நீரில் குளோரினைச் செலுத்தினால் புரோமைடிடமிருந்து எலக்ட்ரானை அது வாங்கிக்கொள்ள, புரோமின் செம்பழுப்பாகப் பிரியும். புரோமின் தயாரிப்பில் இதுதான் முக்கியமான வேலை. தலைகீழாக, குளோரைடில் புரோமினை ஊற்றினால் ஒன்றும் நடக்காது.

பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரை வைத்துக்கொண்டு செய்துபாருங்கள். பொட்டாசியம் அயோடைடு கரைசலில் ஆறிய கஞ்சித் தண்ணீர் கொஞ்சம், அப்புறம் குளோரின் நீர் சொட்டுச் சொட்டாக. பிரியும் அயோடின் கஞ்சியின் மாவுச்சத்தோடு சேர்ந்து கருநீலம் வரும். பாக்கெட் உப்பை வைத்து இதைச் செய்ய முடியாது, நம் நாட்டில் பெரும்பாலும் அதில் கலப்பது அயோடைடு இல்லை, அயோடினோடு ஆக்ஸிஜன் சேர்ந்த அயோடேட். குளோரின் வேண்டுமென்று வீட்டில் பிளீச்சிங் பவுடரோடு கழிவறை கழுவும் ஆசிட்டைக் கலக்கவே கலக்காதீர்கள், வரும் வாயு நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். குளோரின் நீரை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே போனால் வந்த நீலமும் மறைந்துவிடும். அயோடினை விடாமல் அயோடேட் வரைக்கும் அது ஆக்ஸிஜனேற்றிவிடும்.